எட்டாம் நம்பர் வில்லை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு வெள்ளைப் பீங்கான் வில்லை கிடக்கிறது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதில் நீலத்தில் எட்டு என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. மேலே உள்ள ஓட்டையில் துருப்பிடித்த கட்டுக்கம்பி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது. அந்தக் கம்பியில் ஓரிடத்தில் கொறடு கடித்த தடம் இருக்கிறது. பாதிதான் கடிபட்டிருக்கிறது, அறுபடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்து, "என்னங்க இது, சாவிக்கொத்தா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை.

இது என் நாத்தனாரைப் பற்றியது. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். கல்யாணமாகி நான்கே வருஷத்தில் கணவரை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவர். நான் மருமகளாக வந்தபோது அடுப்படி முழுக்க அவர் கையில் இருந்தது. எனக்கும் அவருக்கும் ஆகாது. அடித்துக்கொள்கிற சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற சண்டை. நான் குழம்பு வைத்த அன்றைக்கு அவர் வெறும் மோர் ஊற்றிச் சாப்பிடுவார். கேட்டால், "வயிறு சரியில்ல" என்பார். அவர் சொல்கிற குறைகளில் பாதி நியாயமாகவும் இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது.

விருத்தாசலத்தில் இருக்கிற நிறைய பெண்களைப் போல நானும் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை செய்தேன். ஃபியூஸ் கட்டைக்குப் பிசிறு தட்டுவது, கார்த்திகை நெருங்கினால் விளக்குக்கு வண்ணம் வைப்பது, இதுதான் என் வேலை. நாத்தனார் கழனி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போவார். வேலை எங்கே இருந்தாலும் திரும்பும்போது மணிமுத்தாற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவார். ஏன் இந்த வீண் நடை என்று ஒருநாள் அலுத்துக்கொண்டபோது என் வீட்டுக்காரர் காரணத்தைச் சொன்னார். அக்காவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, பதினோரு நாளில் போய்விட்டது. பச்சைக் குழந்தையை எரிக்கிற வழக்கம் இல்லை என்பதால், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், கரை மேல் புதைத்திருந்தார்கள். அடையாளத்துக்கு ஒரு கல் கூட இல்லை. அவருக்கு மட்டும் இடம் தெரியும்.

அந்த வளைவைத்தான் ஆறு தின்றுகொண்டிருந்தது. மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடிவயிறு கீழே இறங்கிவிட்டது. வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் வந்தாலும் வளைவில் முட்டி, கரையை அறுத்து எடுத்துக்கொண்டு போனது. ஒரு ஐப்பசி வெள்ளம் வடிந்த பிறகு நாத்தனார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் தன் தம்பியிடம், "இன்னும் பத்தடிதான்டா இருக்குது" என்றார்.

அடுத்த வருஷம், ஆறுகளைச் சீர்படுத்துகிறவர்கள் என்று ஒரு குழு வந்தது. ரோட்டை அகலப்படுத்த வெட்டிப்போட்ட புளியமரங்களின் அடிமரங்கள் வேரோடு சாலையோரம் கிடந்தன. மர அறுப்புக்காரர்கள் கூட வேண்டாம் என்று விட்டுப்போனவை. அவற்றை டிராக்டரில் இழுத்து வந்து, வேர் தண்ணீர் வரும் திசையைப் பார்க்கும்படி வளைவில் வரிசையாகக் கிடத்தினார்கள். அசையாமல் இருக்கப் பனந்துண்டுகளை முளையாக அடித்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. ஆற்றுக்கே முட்டுக்கட்டையா என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். நாத்தனார் அங்கே கூலிக்குப் போனார். அந்தக் குழுவின் பொறியாளர் அம்மா, கட்டைகள் வேகத்தைக் குறைக்கும், பின்னால் மணல் தங்கும், தங்கிய மணலில் நம் ஆற்றங்கரை மரங்களை நட வேண்டும், சில வருஷத்தில் கட்டைகள் மக்கிப்போகும் என்று விளக்கினாராம். நாத்தனார் அதைத் தன் பாஷையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "கட்ட மக்கறதுக்குள்ள வேரு புடிச்சிக்கணும். அவ்ளோதான் வேல."

நாணல் தூரும் வெட்டி நட்ட நொச்சிப் போத்துகளும் முன்வரிசையில். அதற்குப் பின்னால் நீர்மருது, புங்கன், நாவல் என்று நாற்பது கன்றுகள், வளைவின் மேல்முனையில், பிள்ளை கிடக்கிற இடம் என்று நாத்தனார் கை காட்டிய பக்கத்தில் தொடங்கி வரிசையாக. எது பிழைக்கிறது, எது போகிறது என்று தெரிய நம்பர் கட்ட வேண்டும் என்றார்கள். அட்டையில் எழுதினால் மழையில் கரைந்தது, பிளாஸ்டிக்கை ஆடு கடித்தது. நாத்தனார் சோறு தின்றபடி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "பீங்கான்ல செஞ்சி தரேங்க அண்ணி" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மீதிக் களிமண்ணில் நாற்பது வில்லை செய்தேன். சூளையில் வெந்தால் மண் சுருங்கும். அதனால் கம்பி நுழைகிற ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். அந்த நுணுக்கத்தைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. நாத்தனார் தேங்காய் நார்க் கயிற்றோடு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "கயிறு ஒரு மழைக்கு தாங்காதுங்க. கட்டுக்கம்பி போட்டா காலத்துக்கும் இருக்கும்" என்றேன். "மரம் பெருக்குமே பொண்ணு" என்றார் அவர். மண் சுருங்குவதைத் தெரிந்து வைத்திருந்த எனக்கு, மரம் பெருக்கும் என்பது ஒரு விஷயமாகவே படவில்லை. அவரும் அதிசயமாக எனக்கு விட்டுக்கொடுத்தார். "சரி, வருஷா வருஷம் பொங்கல் கழிஞ்சி தளத்தி வுட்டுக்கலாம்" என்றார். நாற்பது கன்றுக்கும் நானே கம்பி முறுக்கினேன்.

மூன்று பொங்கலுக்கு அவர் கொறடை இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் தளர்த்திவிட்டு வந்தார். கட்டைகளுக்குப் பின்னால் மணல் மேடு கட்டியது. வேர்களுக்கு அடியில் மடு விழுந்து, பங்குனி வரைக்கும் அதில் தண்ணீர் நின்றது. ஒருநாள் முந்தானையில் நான்கு கெளுத்தி மீனை முடிந்துகொண்டு வந்து, "கட்டைக்கு அடியில கெடந்துது" என்று முற்றத்தில் கொட்டினார். குழந்தை மாதிரி சிரித்தார். அன்றைக்கு மீன் குழம்பை அவரே வைத்தார். என்னை நம்பி விடவில்லை.

நான்காம் வருஷம் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். பொங்கல் வந்து போனது. படுத்தபடியே, "கம்பியத் தளத்தி வுட்டுடு பொண்ணு. நீ முறுக்குனது, உனக்குத்தான் சொளுவா வரும்" என்றார். சரி என்றேன். அந்த ஞாயிறு முடியவில்லை. அடுத்த ஞாயிறு துணி மலை போலக் கிடந்தது. வேலை இருந்தது உண்மைதான். ஆனால் அதுதான் முழுக் காரணம் என்று இப்போது சொன்னால் அதுவும் பொய். இத்தனை வருஷம் என் குழம்பைத் தொடாதவர் சொன்னதும் நான் ஓட வேண்டுமா என்று ஒரு மூலையில் எனக்கு வீம்பு இருந்தது. மாசி பிறந்து அவர் மறுபடி கேட்டார். "போனியா?" புடவையை மடித்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமல், "எல்லாத்தையும் தளத்திட்டேங்க அண்ணி" என்றேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தபோது அவர் வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் முழுக்க மணல். வலது கட்டைவிரல் கன்றிப்போய் இருந்தது. எங்கே போனீர்கள் என்று கத்தினேன். "ஆத்தாண்ட. சும்மா, காத்து வாங்க" என்றார். "வழியில உளுந்து கெடந்தா ஊரு என்னைத்தானே பேசும்?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். ஜன்னல் கட்டையில் கொறடு இருந்தது. வீட்டுக்காரர் எதற்கோ எடுத்திருப்பார் என்று நினைத்து எடுத்து உள்ளே வைத்தேன். அன்று ராத்திரி அவர் என் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். "நல்லாருக்குது" என்றும் சொன்னார். அதற்குப் பிறகு குறை என்று ஒரு வார்த்தை இல்லை. மரங்களைப் பற்றியும் கேட்கவில்லை. நோய் மனுஷியைப் பக்குவப்படுத்திவிட்டது என்று நான் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். வைகாசியில் போய்விட்டார்.

இரண்டு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு பொறியாளர் அம்மா போன் செய்து, எந்தெந்த நம்பர் பிழைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பாலத்திலிருந்து இறங்கிப் போனதால் கீழ்முனையிலிருந்து, நாற்பதிலிருந்து பின்னோக்கி வந்தேன். நாற்பது இல்லை. கரையும் இல்லை. கட்டை அங்கே கரையான் அரித்து உதிர்ந்து, ஆறு மறுபடி உள்ளே வந்திருந்தது. முப்பத்தாறாவது மரம், கம்பி இருந்த இடத்தில் முறிந்து கிடந்தது. முப்பத்தொன்றில் கம்பிக்கு மேலே தண்டு கழுத்துக் கழலை போல வீங்கி, அதற்கு மேல் ஒரு இலை இல்லை. பட்டை மூடிக்கொண்டு வந்ததில் என் வில்லை பாதி மரத்துக்குள் புதைந்திருந்தது. வெளியே தெரிந்த பாதியில் நீல நிறம் அப்படியே பளிச்சென்று இருந்தது. சில மரங்கள் கம்பியையே விழுங்கிக்கொண்டு எப்படியோ பிழைத்திருந்தன. பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தன. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.

எட்டாவதும் பட்டுப்போன நாவல்தான். அதன் கம்பியில்தான் கொறடு கடித்த தடத்தைப் பார்த்தேன். ஏழாவதில் கம்பி இல்லை. ஆறிலும் ஐந்திலும், ஒன்று வரைக்கும் எதிலும் இல்லை. வில்லைகள் ஒரு பச்சைத் துணிக் கிழிசலில், இரண்டு விரல் தாராளமாக நுழைகிற தளர்ச்சியோடு கட்டியிருந்தன. அந்தப் பச்சை எனக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்து, நிறம் பிடிக்கவில்லை என்று அவர் கட்டாமலே மடித்து வைத்திருந்த புடவை. ஏழு மரமும் என் தலைக்கு மேலே தழைத்து நின்றன. அவற்றின் காலடியில் பத்தடிக் கரை அப்படியே இருந்தது. அவர் பிள்ளை கிடக்கிற இடத்தில் நிழல் விழுந்திருந்தது. மடுவில் ஒரு மீன்கொத்தி காத்துக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளையைப் பார்க்கப் போனவர் மரங்களைப் பார்த்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என் பொய்யை ஒவ்வொரு தண்டிலும் தொட்டுப் பார்த்திருக்கிறார். புடவையும் கொறடும் கையில் இருந்ததே, அப்படியென்றால் கிளம்பும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏழு வரைக்கும் முடிந்திருக்கிறது. எட்டில் கை ஓய்ந்துவிட்டது. அதோடு வீட்டுக்கு நடந்து வந்து, என்னிடம் திட்டு வாங்கி, என் குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மன்னித்துச் சொன்னாரா, இனி இவளிடம் எதற்கும் வாய் திறக்க வேண்டாம் என்று விட்டுத்தான் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

பிழைத்த மரங்களின் கம்பியை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டேன். எட்டாம் நம்பர் வில்லையை மட்டும் கம்பியோடு பட்டையைக் கீறி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பட்டுப்போன இடங்களில் புதுக் கன்று வைத்திருக்கிறேன், நம்பர் இல்லாமல். கீழ்முனைக் கட்டைகள் இன்னும் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று தெரியவில்லை. அடுப்படியில் குழம்பு கொதிக்கும்போது ஃபிரிட்ஜின் மேல் கண் போகும். போனியா என்று அவர் கேட்ட அதே குரல் வரும். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அதற்கு இப்போது சரியான பதிலைச் சொல்கிறேன்.

"இல்லீங்க அண்ணி. நான் போவவே இல்ல."