வெளுத்துப்போன தார்

அறுபதுகளின் நடுவில் நான் கடலூர் - சிதம்பரம் ரோட்டு வேலையில் ஓவர்சியராக இருந்தேன். பரங்கிப்பேட்டை பிரிவுக்குப் பக்கத்தில் இரண்டு பர்லாங்குக்கு மட்டும் ஒரு சோதனை. வெயிலிலும் உப்புக்காற்றிலும் தார் சீக்கிரமே கிழடு தட்டி வெடித்துவிடுகிறது. அதைத் தள்ளிப்போட ரப்பர் தூளும் கொஞ்சம் நீர்த்த சுண்ணாம்பும் கலந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"சூடு மட்டும் கூடிடக்கூடாது. கூடினா எதைக் கலந்தும் புண்ணியமில்லே" என்றார் இன்ஜினியர்.

முதல் நாள் காலையிலேயே தாரின் சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் என் கைநழுவி உடைந்தது. பாதரசம் ஜல்லிக்குள் ஓடி மறைந்தது. திட்டு வாங்கப் பயந்து யாரிடமும் சொல்லாமல் வேலையைத் தொடங்கச் சொன்னேன்.

தார் காய்ச்சும் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் பரங்கிப்பேட்டைக்காரர், என்னைவிட ரொம்ப மூத்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். மத்தியானம் தாரிலிருந்து மஞ்சளாகப் புகை எழுந்தது.

"சூடு ஜாஸ்தியாயிடுச்சு தம்பி. நெருப்பை இழுத்துடவா?"

"தூள் இன்னும் கரையலையே பாய். எரியட்டும்."

 அவர் விறகை உள்ளே தள்ளினார்.

ரோடு கன்னங்கரேலென்று பளபளத்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

ஞாயிறுதோறும் சைக்கிளில் போய்ப் பார்ப்பேன். சித்திரை முடிவதற்குள் எங்கள் துண்டு சாம்பல் நிறமாகிவிட்டது. எங்களுடையதோடு அதே வாரம் போட்ட பக்கத்துச் சாதாரணத் தார் கறுப்பாகவே கிடந்தது. ஓரத்தைச் செருப்பால் தட்டினேன், ஓடு மாதிரி உடைந்தது. அப்புறம் மயிரிழையாக ஒரு வெடிப்பு. அடுத்த வாரம் அது கிளை விட்டிருந்தது. ஐப்பசி மழை உள்ளே இறங்கியதும் பஸ் தடத்தில் ஜல்லி பெயர ஆரம்பித்தது.

இன்ஜினியர் வந்து ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தார். "தாரைக் கருக்கியிருக்காங்க. பாய்லர்ல யாரு?"

பாய் எனக்கு எதிரிலேயே நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார்கள். சோதனையையும் கைவிட்டார்கள்.

ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. பாயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். என்னைத் தூரத்துக்கு மாற்றப்போவதாகவும் சொன்னார்.

காகிதத்தோடு பரங்கிப்பேட்டைக்கு ஓடினேன். பாயின் மகள் கதவிடுக்கில் நின்று பேசினாள்.

"வாப்பா கப்பல் ஏறி எட்டு நாளாச்சு. பினாங்குல மாமா கூப்பிட்டாங்க."

"ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?"

"ஒங்களப் பத்தியா? ஒண்ணும் சொல்லலீங்களே."

கதவு சாத்திக்கொண்டது. வந்த ரோட்டிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.