ஸ்டெல்லாவின் மூன்றாவது முயற்சி

பாலக்கோடு தக்காளி மண்டியில் காலை ஏலம் நடந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கங்க. மத்தியானத்துக்கு மேல வூட்ல இருந்து எடுக்கறோம்" என்றார். மூன்று மாதமாக அவள் சிகிச்சையில் இருந்ததால் செய்தி எதிர்பாராததல்ல. தராசில் இருந்த பெட்டிகளை எடை போட்டு முடித்த பிறகுதான் கிளம்பினேன். என்னை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

நம் பயிற்சிக் கொட்டகையில் அவளோடு பளு தூக்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலை ஐந்தரைக்கு ஒரு முறை, மாலை ஐந்தரைக்கு ஒரு முறை என்று ஆறு வருடம் நானும் அவளும் ஒரே இரும்பு பாரில் பயிற்சி செய்தோம். இடைப்பட்ட நேரத்தில் அவள் எல்கேஜி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். நான் அப்பாவின் மண்டியில் நின்றேன். கையில் பூசும் பவுடர் தீர்ந்துபோன ஒரு நாள், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை இடித்து எடுத்துவந்தாள். பிடி வழுக்கி, பார் என் கால் விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தது. "எல்கேஜிக்குப் போதும், நமக்குப் பத்தாது போல" என்றாள். சிரிக்கக்கூட இல்லை. "காலையில ஒடம்பு தூக்கும், சாயங்காலம் பிடிவாதம்தான் தூக்கணும்" என்பதும் அவள் சொன்னதுதான். மாலையில் தொடை வலிக்கிறது என்று முனகிய எல்லாரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மாநிலப் போட்டிக்கான மாவட்டத் தேர்வில் ஒரு எடைப் பிரிவுக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள். நாங்கள் இருவரும் மோதிக்கொள்ளக் கூடாது என்று அவள் எனக்குக் கீழ்ப் பிரிவுக்கு இறங்க முடிவு செய்தாள். மூன்று வாரம் இரவில் களியைத் தொடவில்லை. தேர்வுக்கு முந்தைய நாள் எங்கள் மண்டித் தராசில் அவளை நிறுத்தினேன். "முந்நூறு கிராம் கம்மியாவே இருக்க" என்றேன். பெட்டியின் எடையைக் கழித்துக் காட்டும்படி தராசை வைத்திருந்தோம். தினமும் அப்படி வைப்பவள் நான்தான். அன்று அவளை நிறுத்தும்போது அதை எடுத்துவிட மறந்துவிட்டேன்.

மறுநாள் அவள் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாக இருந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியும் குறையவில்லை. மேல் பிரிவில் தூக்கிக்கொள்ள அனுமதித்தார்கள். அது என் பிரிவு. கோச் கத்தியபோது, "நேத்து களி ரெண்டு உருண்டை சேத்துத் தின்னுட்டேன் சார்" என்றாள். தராசின் கதை எனக்கு அதற்குள் புரிந்திருந்தது. நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன்.

என் முயற்சிகள் முடிந்தபோது நான் முதலிடத்தில் இருந்தேன். அவளுக்கு மூன்றாவது முயற்சி மட்டும் மிச்சம். என்னைவிட ஒரு கிலோ கூடுதலாகக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கோவிச்சுக்காத. தூக்க முடியறத தூக்காம வுட்டா, ரெண்டு வேளையும் வந்தது எதுக்கு?"

"தூக்கு" என்றேன்.

தூக்கினாள். மாநிலப் போட்டிக்கு அவள் போனாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் வந்து என் பாரில் எடைத் தட்டுகளை மாட்டினாள். எனக்கு அவளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. ஒரு மாதம் பேசாமலே பயிற்சி செய்தோம். பிறகு ஒரு மாலையில் தராசைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கே தெரியும். நீ மூஞ்சிய வெச்சிருந்த லட்சணத்துலயே தெரிஞ்சுது" என்றாள். அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவளுடைய உழைப்பை, உண்மையை எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். என்னிடம் இருப்பது வேறு. அன்று அந்த மூன்றாவது முயற்சியில் பார் அவள் தலைக்கு மேல் நின்றது. முழங்கால்கள் நடுங்கின. நடுவர்கள் இறக்கச் சொல்வதற்கு இரண்டு மூன்று விநாடி ஆனது. அந்த நேரம் முழுக்க, அது விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். தராசுக்காகக் கேட்ட மன்னிப்பில் இதைச் சேர்க்கவில்லை. எப்போதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.