மீசை முடியும் பத்து லேசரும்

பளபளப்பாக எது கிடைத்தாலும் அதில் மீசையைப் பார்த்துக்கொள்வார் பேராசிரியர் தர்மராஜ். ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினால் கார்க் கண்ணாடி, காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றால் கைப்பேசி, கல்லூரிக்கு வந்ததும் லிஃப்டின் எவர்சில்வர் கதவு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டிச் சீப்பு. அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாள் முதல் வேணி இதைப் பார்த்து வருகிறாள். வேறெந்த வேலையையும் அவர் இத்தனை அக்கறையாகச் செய்து அவள் கண்டதில்லை.

தர்மராஜ் புத்தூர் மருந்துக்கடைக்காரர் மகன். டாக்டர் பட்டம் வாங்கினார், அத்தோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டார். லேசர் ஆய்வகத்துக்குத் தலைவர், லேசரைத் தொட்டவரில்லை. மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் முதல் பெயர் மட்டும் அவருடையது. விருந்தாளி வந்தால் ஒரே வசனம்: "ஒரு முடியோட தடிமனுக்குள்ள நம்ம லேசர் பத்து உக்காரும் சார்!" சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிற்பார்.

லேசரைச் செய்தது வேணி. ஒரு மெல்லிய சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை வரிசை வரிசையாகப் போட்டால் ஒளி அவற்றைத் தாண்டிப் போகாது. நடுவில் ஓரிடத்தில் ஓட்டை போடாமல் விட்டால் ஒளி அங்கேயே மாட்டிக்கொண்டு வலுவாகும். அதுதான் லேசர். பெங்களூரில் செதுக்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சில்லு. அதில் இருக்கும் ஒவ்வொரு லேசரும் அந்தரத்தில் நிற்கும் ஓட்டையிட்ட மெல்லிய ஏடு; விரல் பட்டால் போச்சு.

திட்டத்தை இன்னொரு வருடம் நீட்டிப்பதா என்று முடிவு செய்ய சென்னையிலிருந்து அல்ஷிஃபா என்ற அதிகாரி வந்தார். லேசர் எரியாவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். வேணியின் பட்டமும் அதோடு சரி. அவரை அழைத்துவர வேணி வாசலுக்குப் போனாள். திரும்பியபோது சில்லுப் பெட்டி திறந்து கிடந்தது. தர்மராஜ் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். சீப்பு மேசைமேல்.

"தூசியா இருந்துச்சும்மா. துடைச்சு வச்சிருக்கேன்."

வேணி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சார், அதைத் துடைக்கவே கூடாது."

அவர் அதிகாரி பக்கம் திரும்பிச் சிரித்தார். "பெங்களூர்ல சரியா செதுக்கல மேடம். நம்ம பொண்ணும் கொஞ்சம் அஜாக்கிரதை."

வேணி சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பெரிய திரையைப் போட்டாள். கிழிந்த ஏடுகளுக்குக் குறுக்கே வெட்டிப்போட்ட மரம் போல ஒன்று கிடந்தது.

"என்ன இது?" என்றார் அல்ஷிஃபா.

"முடிங்க மேடம்" என்றாள் வேணி. "சாயம் போட்டது. அடியில மட்டும் வெள்ளையா இருக்கு பாருங்க."

அல்ஷிஃபா திரையைப் பார்த்தார். பிறகு தர்மராஜின் மேலுதட்டைப் பார்த்தார். "பத்து லேசர் உக்காரும்னு ஃபோன்ல சொன்னீங்களே சார். அத்தனையும் இதுக்கடியிலதான் இருக்கு போல."

"ஏசிக் காத்துல எங்கேருந்தாவது வந்திருக்கும்" என்றார் தர்மராஜ். கதவருகில் நின்ற உதவியாளர் அக்னஸ் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

வேணி சில்லை ஓரம் வரைக்கும் நகர்த்தித் தேடினாள். கைக்குட்டை எட்டாத மூலையில் ஒரே ஒரு லேசர் முழுசாக இருந்தது. அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினாள். கணினித் திரையில் படுத்திருந்த கோடு ஓரிடத்தில் ஊசியாக எழும்பியது. லேசர் எரிகிறது.

தர்மராஜ் சில்லை உற்று உற்றுப் பார்த்தார். "எங்கம்மா, வெளிச்சமே காணோம்?"

"அகச்சிவப்பு சார்" என்றார் அல்ஷிஃபா. "கண்ணுக்குத் தெரியாது. நீங்கதானே இங்க தலைவர்?"

திட்டம் ஒரு வருடம் நீண்டது. கட்டுரையும் வந்துவிட்டது, முதல் பெயர் தர்மராஜ், அடுத்தது வேணி. அவர்தான் இன்றும் தலைவர். சில்லுப் பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கிறது, சாவி வேணியிடம். அவர் லிஃப்ட் கதவில் மீசை சீவிக்கொள்கிறார்.