கோணிக்குள் கூகைக் குஞ்சுகள்

செம்பனை எண்ணெய்க் கம்பெனிகள் இப்போதெல்லாம் காலண்டரில் கூகையின் படத்தைப் போடுகின்றன. கீழே, இயற்கையைக் காப்போம் என்று எல்லா மொழியிலும் எழுதியிருக்கிறது. போன தீபாவளிக்கு எனக்கும் ஒன்று கிடைத்தது. பிரித்துப் பார்த்ததும் சட்டென்று சுருட்டி வைத்துவிட்டேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பாலிங் பக்கத்தில் எங்கள் தோட்டத்து எலிகள் செம்பனைப் பழத்தைக் கடித்துத் தீர்த்தன. முதலில் மருந்து வைத்தார்கள். எலிகளோடு எங்கள் நாய்களும் கோழிகளும் செத்தன. பிறகு மானேஜர் மருந்தை நிறுத்திவிட்டு, எலி பிடிக்கும் கூகைகள் தங்குவதற்கு உயரமான கம்பங்களில் மரப்பெட்டி வைக்கச் சொன்னார். கம்பம் நடும் வேலை அப்பாவுக்கு.

கூகையை லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், சாக்குருவி என்றுதான் சொல்வோம். அது அலறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

“நம்ம கூரை ஒழுகுது, அதப் பாக்க ஆளில்ல. சாக்குருவிக்குப் புது வீடாம்லா,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா, அப்பாவின் காதில் விழும்படி.

ஒரு பெட்டி எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அமைந்தது. அந்தச் சமயம்தான் அப்பாவின் தங்கை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அத்தைக்கு முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்ததுமே இறந்துபோயிருந்தன. இது மூன்றாவது. பெட்டியிலிருந்து அலறல் கேட்டால் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொள்வார். சோறு இறங்காது.

மாமா பெண்டாங்கில் அரிசி ஆலையில் வேலை செய்தார். ஒரு லீவு நாளில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் அத்தை அழுதார்.

“ஏங்க, அத இங்கேர்ந்து எடுக்கச் சொல்லுங்க.”

மாமா அப்பாவிடம் போனார். “மச்சான், பெட்டிய வேற எடத்துக்கு மாத்துங்க.”

“எடத்தக் குறிச்சது மானேஜர், மாப்ள. தொட்டா என் கெர்ஜா போயிரும், வேற வேலைக்கு எங்க போவேன்?”

“ஒங்க கெர்ஜா பெருசா, எங்க புள்ள பெருசா?”

மாமாவே ஏணியைச் சாத்தி ஏறினார். பெட்டியைத் திறந்ததும் உள்ளே பாம்பு போலச் சீறல் கேட்டது. பெரிய கூகை அவர் தலையை உரசிக்கொண்டு பறந்தது.

“எறங்குய்யா, கண்ணக் கொத்திரும்!” என்று யாரோ கத்தினார்கள்.

மாமா விடவில்லை. கோணிக்குள் எதையோ அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கி, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பனைக் காட்டுப் பக்கம் திரும்பினார். கோணி அசைந்துகொண்டே இருந்தது.

எட்டு மாத வயிற்றோடு அத்தை ஓடி வந்தார். கோணியைப் பிடுங்கி விரித்தார். உள்ளே வெள்ளைப் பஞ்சு போல நாலு குஞ்சுகள். ஒன்று அசையவில்லை. அத்தை நிமிர்ந்து மாமாவின் கன்னத்தில் அறைந்தார்.

மாமாவுக்கு எதிரில் உட்காரக்கூடக் கூசுகிற அத்தை அவர். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“என் கண்ணுல காட்டாம எதையும் கொண்டு போவாத! இனிமே எதையும் கொண்டு போவாத!”

மாமா திருப்பி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மண்ணில் உட்கார்ந்து விம்மி அழுதார். அது அறையைவிட எனக்குப் பயமாக இருந்தது. அப்பா ஏணியில் ஏறிக் குஞ்சுகளைப் பெட்டிக்குள் விட்டார். அசையாத குஞ்சை மட்டும் அத்தை தரவில்லை. மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் அத்தைக்குப் பெண் பிறந்தாள். பிழைத்துக்கொண்டாள். கூகை தன்பாட்டுக்கு அலறிக்கொண்டுதான் இருந்தது.

முதல் இரண்டு குழந்தைகளின் முகத்தையும் அத்தை பார்த்ததே இல்லை என்பதை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னார். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, மாமாவே துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டாராம்.

அப்போது எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அத்தைக்குக் கூகை என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குஞ்சுகள் சம்பவத்துக்கு மறுநாள் கம்பத்தடியில் கிடந்த வெள்ளை இறகு ஒன்றைக் கழுவி, அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். அத்தை அதை வாங்கிக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.