இடப்பக்கம் இழுத்த கார்

எங்கள் கார் இடப்பக்கம் இழுக்கும். மற்ற ஊர்களில் இது ஒரு வியாதியே இல்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். யுத்த காலத்து வெள்ளவத்தையில் காலி வீதியின் இடப்பக்கம் மண்மூட்டைகள் இருந்தன, மண்மூட்டைகளுக்குப் பின்னால் துவக்குகள் இருந்தன.

ஒரு பின்னேரம், ஏழாம் மாத வயிற்றோடு நான் முன் சீற்றில் இருந்தேன். சோதனைச் சாவடியை நெருங்கும்போது என் கணவர் அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு கைதான் ஸ்டியரிங்கில் இருந்தது. கார் தன் பாட்டில் மண்மூட்டையைப் பார்த்துப் போனது. அங்கே நின்ற ஆமிக்காரன் கத்திக்கொண்டு துவக்கைத் தூக்கினான். பிரேக் பிடித்து நின்றோம். இருவரையும் இறக்கி, சீற்றைக் கழற்றி, கால்மிதியைக்கூட உதறிப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். அவ்வளவு நேரமும் நான் வெயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைப்பேற்றுக்கு நான் பதிந்திருந்த ஆஸ்பத்திரி அந்தச் சாவடிக்கு அப்பால் இருந்தது. வலி வரும் நாளில் இந்தக் கார் என்னை அதன் வழியே நேராகக் கொண்டுபோக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அடுத்த நாளே தெஹிவளைப் பக்கமிருந்த ஒரு கராஜுக்குப் போனோம். முதலாளி ஒரு பெரிய வயிற்றுக்காரர். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, நாலு டயரும் மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் சில்லுகளை நேராக்கும் வீல் அலைன்மென்ட் என்றார். எங்கள் தலையில் நன்றாக மிளகாய் அரைக்கிறார் என்று தெரிந்தது. அதைக்கூட என் கணவர் பொறுத்துக்கொண்டிருப்பார். காரை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள், பக்கத்தில் நிற்கக் கூடாது என்றதுதான் அவரை உலுக்கியது.

அந்தக் காலத்தில் நாங்கள் காரை நிறுத்திவிட்டுப் பாண் வாங்கி வந்தாலே, குனிந்து அடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்போம். எவனாவது எதையாவது செருகி வைத்தால், அடுத்த சாவடியில் அது எங்களுடையதாகிவிடும். வெள்ளவத்தைத் தமிழர்கள் அநேகமாக எல்லோருக்கும் இந்தக் குனிதல் பழக்கம் இருந்தது. சேலை உடுத்தபடி, வயிறு தள்ளியபடி நானும் குனிந்திருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

"கராஜும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நானே செய்யிறன்," என்றார் என் கணவர் வீட்டுக்கு வந்ததும். அவர் ஒரு கந்தோரில் கட்டடப் படம் வரைபவர். நேர்கோடு என்றால் உலகத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு.

"அப்ப பிள்ளைப்பேறும் நீங்களே பாப்பீங்களோ?" என்று கேட்டேன்.

"நீர் சும்மா இரும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஃபிளாட்டுக்கு முன்னால், ஒழுங்கை மட்டமாக இருந்த இடத்தில் வேலை தொடங்கியது. என் சாப்பாட்டு மேசைக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய், காருக்கு முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக வைத்தார். மீன் பிடிக்கும் தங்கூசி நூலைக் கதிரைகளில் கட்டி, காரின் இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்தார். நூலுக்கும் முன் சில்லுக்கும் இடைவெளி எவ்வளவு என்று அடிமட்டத்தால் அளந்தார். பிறகு டோர்ச் லைட்டோடும் ஸ்பனரோடும் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, சில்லுகளைத் திருப்புகிற டை ரொட் என்ற கம்பியை முறுக்கத் தொடங்கினார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்.

நான் தேத்தண்ணியோடு இறங்கி வந்தபோதுதான் அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்தேன். காரைச் சுற்றி நூல். அடியில் ஒரு யாழ்ப்பாணத்து ஆம்பிளை. கையில் டோர்ச். மேல்மாடிகளில் யன்னல் திரைகள் அசைந்தன.

"இஞ்சருங்கோ, எழும்பி வாங்கோ. பாக்கிற ஆக்களுக்கு இது வேற மாதிரித் தெரியும்."

"இன்னும் அரைச் சுத்துத்தான்," என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

அந்த அரைச் சுற்று முடியுமுன் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. காலைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். நூல் எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார்கள். இவர் தன் அரைகுறைச் சிங்களத்தில் சில்லின் கோணத்தை விளக்கப் புறப்பட்டார். கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஆளையும், ஸ்பனரையும், தங்கூசியையும், என் நாலு கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கார் சாவியை என் கையிலிருந்து பறித்தார்கள்.

பின்னேரம் மேல்மாடிக்காரர் செவ்விளநீரோடு வந்தார். பென்சன் எடுத்த உத்தியோகத்தர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். எங்கள் ஃபிளாட் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அதற்கு முந்தின கிழமைதான், எங்கட சனத்துக்கு இங்கே ஆர் இருக்கினம் என்று வாய் கிழியக் கதைத்தவர்.

"குறை நினைக்காதை பிள்ளை. பொலிசுக்குப் போன் எடுத்தது நான்தான்," என்றார். "எனக்கும் பிள்ளை குட்டி இருக்குது. நான் சொல்லாட்டி, பாத்துக்கொண்டிருந்தனான் எண்டு என்னையுமெல்லோ பிடிப்பாங்கள்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இளநீரை அவர் கண் முன்னாலேயே குப்பை வாளிக்குள் போட்டேன். அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியேறிப் போனார்.

அடுத்த நாள் காரின் பத்திரங்களோடு வரச்சொல்லிப் பொலிசிலிருந்து அழைப்பு வந்தது. அடியில் என்ன வைத்திருக்கிறது என்று பார்க்க அவர்கள் காரைக் கொண்டுபோயிருந்தது, வேறெங்கும் இல்லாமல், அதே கராஜுக்கு. பத்திரங்களோடு போன என்னையும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு ஏறி வந்தார். "சேர், இது குண்டு வைக்கிற ஆள் இல்லை," என்று சிங்களத்தில் சொன்னார். "டை ரொட்டையே மற்றப் பக்கம் முறுக்கி வைத்திருக்கிறார். ஒரு கிழமை ஓடியிருந்தால் டயரைத் தின்று முடித்திருக்கும்." இன்ஸ்பெக்டரும் சிரித்தார். கூட வந்த கொஸ்தாப்பல்மாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் என் கணவர் வெளியே வந்தார். சரியாகச் செய்திருந்தால் எங்கே கொண்டுபோயிருப்பார்களோ தெரியாது.

வீங்கின கன்னத்தோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் மற்றப் பக்கம் முறுக்கேல்லை."

நான் எழும்பி அறைக்குள் போய்விட்டேன். ஆளை விட்டவர்கள் காரை விடவில்லை. விசாரணை முடியட்டும் என்று அது கராஜிலேயே கிடந்தது. கதிரைகளும் திரும்பி வரவில்லை. நாங்கள் தரையில் இருந்து சாப்பிட்டோம்.

டொக்டர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே எனக்கு வலி வந்தது. அன்று காலையில் நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. ஒரு திரீவீலர்காரனும் அசைய மாட்டேன் என்றான். என் கணவர் மேலே ஓடிப்போய் அந்த மனிசனின் கதவைத் தட்டினார்.

"அந்தாளின்ர காரில நான் ஏறமாட்டன்," என்றேன்.

"கதைக்க நேரமில்லையப்பா," என்று என்னைத் தூக்காத குறையாகப் பின் சீற்றில் ஏற்றினார். தான் முன்னால் மேல்மாடிக்காரருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அந்தக் கார் நேராகப் போனது. அவர் ஒரு கையால் ஓட்டினார். மற்றக் கை கதைப்பதற்கு.

"நான் எப்பவும் கராஜிலதான் குடுக்கிறனான், தம்பி. தெரியாத வேலையில கை வைக்கக் கூடாது."

"ஓம் அண்ணை," என்றார் என் கணவர்.

"அண்டைக்கு நான் சொல்லாட்டி வேற ஆரும் சொல்லியிருப்பினம். அது இன்னும் மோசமாப் போயிருக்கும்."

"ஓம் அண்ணை. உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேணும்."

சாவடியில் ஆமிக்காரன் என் பக்கத்து யன்னலால் குனிந்து அடையாள அட்டையைக் கேட்டான். எனக்கு வலியைவிட அந்த நன்றிதான் தொண்டைக்குள் நின்றது. கதவின் மேலும் அவனுடைய சப்பாத்தின் மேலுமாக வாந்தி எடுத்தேன். அவன் பின்னால் துள்ளி நின்று, போ போ என்று கையைக் காட்டினான். நாங்கள் ஒரு சோதனையும் இல்லாமல் நேராகப் போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மேல்மாடிக்காரர் இறங்கிவந்து தன் காரின் கதவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் திரும்பிப் பார்த்தபோது என் கணவர் குனிந்து, தன் கைக்குட்டையால் அந்தக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.