கம்ப்ரசர் காதில் விழாமல்

கம்ப்யூட்டரை நான் நம்பவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்த இன்ஜினியரைச் சுத்தமாக நம்பவில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியின் பெரிய கம்ப்ரசரை மாதாமாதம் பிரித்துப் பார்க்க வேண்டுமா, கெட்டுப்போன பிறகு பார்த்தால் போதுமா என்று, அந்தப் பெட்டிக்குள்ளேயே பல வருஷம் ஓடுவதுபோல் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுமாம். கெட்ட பிறகு போதும் என்று வந்தால், அதைப் பிரித்து மாட்டும் எளாவூர்க்காரருக்கு வேலை போய்விடும். அவர் கான்ட்ராக்ட் ஆள், என் சிநேகிதர்.

வந்தது அந்தப் பதில்தான். முதலிலேயே முடிவு செய்துவிட்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், வாரா வாரம் கெட்டுப்போவுதுன்னு போட்டுப் பாருங்க, பாக்கலாம்," என்றேன்.

சிரித்துக்கொண்டே போட்டார். மாதாமாதம் பிரிக்க வேண்டும் என்று பதில் மாறியது. பெட்டி யோக்கியம்தான். அப்படியானால் அதற்குத் தப்பாகச் சொன்னது யார்?

விசாரித்தால், எளாவூர்க்காரரேதான். கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கவைத்து, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை தகராறு பண்ணும் என்று இன்ஜினியர் கேட்டிருக்கிறார். இவர், "ஒரு பேஜாரும் இல்ல சார், சூப்பரா ஓடுது," என்றிருக்கிறார்.

ஓடும் மெஷினை அதன் எதிரில் நின்று நாங்கள் யாரும் குறை சொல்ல மாட்டோம். சொன்னால் அன்றைக்கே படுத்துவிடும். நானும் அப்படித்தான். வால்வு உடைந்ததையும் பேரிங் சூடானதையும் தள்ளிப் போய்த்தான் பேசுவோம். சின்னக் கோளாறுகளை எழுதிவைக்கும் வழக்கமும் கிடையாது.

"இன்னா நைனா, இப்டி பண்ட்டியே?" என்றேன் அவரிடம்.

"பின்ன, அது எதிர்லயே சொல்லச் சொல்றியா?"

அவரையும் இன்ஜினியரையும் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். அங்கே எளாவூர்க்காரர் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை.

"போன வாரம் ஒரு தொந்தரவும் இல்லன்னீங்க. வேலை போகுதுன்னதும் இவ்வளவு தொந்தரவா? நான் எதை நம்பறதுண்ணா?"

எளாவூர்க்காரர் என்னைப் பார்த்தார். இன்ஜினியர் இடத்தில் நான் இருந்தால், நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.