பாவு நீட்டிய தெரு

தென்காசிக்கு நாங்கள் குடிவந்தபோது அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது, அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. மெட்ராஸில் அப்பா வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வேலை போனவர்களில் அவரும் ஒருவர். மாம்பலத்தில் இரண்டு அறைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையில் பாதிகூட ஆகாது, இங்கே ஒரு முழு வீட்டுக்கு. பின்னால் கிணறு, ஒரு முருங்கை, மாடிக்குப் போனால் மேற்கே மலை. அப்பாவுக்குச் செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கும் தென்காசியிலேயே ஒரு பாசன அலுவலகத்தில் டிரேசர் வேலை அமைந்தது. இஞ்சினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து மையில் நகல் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆக, வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு இந்த ஊரில் காரியம் இருந்தது. அம்மாவுக்கு இல்லை. ரயில் ஏறுவதற்கு முன்பே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"ஆடி முடியற வரைக்கும் இருந்து பாக்கறேன். முடியலன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது மாசி மாதம். ஆடிக்கு ஐந்து மாதம் இருந்தது.

நான் பட்டியல் போடுகிறவள். வீணாய்ப்போன டிரேசிங் துணித் துண்டுகளில் அந்த ஊரைப் பற்றி எழுதிவைத்தேன். இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. உள்ளே வந்த பிறகுதான் குரல் கொடுக்கிறார்கள். மணி கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், மழை வருமா என்று கேட்டால் பேசாமல் மலையைப் பார்க்கிறார்கள். காற்று எப்போதும் ஒரே திசையிலிருந்து, கணவாய் வழியாக வருகிறது. கோயில் கோபுரம் பாதிக்கு மேல் இல்லை, அதைப் பற்றி யாருக்கும் வருத்தமும் இல்லை. இதே விஷயங்களை அம்மா ராத்திரி சாப்பிடும்போது சொன்னால் ஒவ்வொன்றும் புகாராக இருக்கும். என் துண்டில் இருக்கும்போது அவை ஏதோ கனவில் பார்த்த ஊரின் அடையாளங்கள்போல இருந்தன. இரண்டுமே பொய் இல்லை.

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் தறிக்காரர்கள், முஸ்லிம் குடும்பங்கள். விடிகாலையில் பாங்கு ஓசை ஓய்ந்ததும் தெருவில் பாவு நீட்டுவார்கள். பாவு என்பது தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாக்கில் பிரித்துக் கட்டிய நூல். எங்கள் வாசலில் தொடங்கிப் பன்னிரண்டு வாசல் தூரத்துக்கு, இடுப்பு உயரத்தில், கவைக் கம்புகளின் மேல் அதை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இரண்டு பேர் பிடிக்கும் பெரிய பிரஷ்ஷால் நீவிக்கொண்டே நடப்பார்கள். நேர்கோடு, சதுரக் கட்டம் என்று ஸ்கேல் பிடித்தே பழகிய என் கண்ணுக்கு, விடியாத வெளிச்சத்தில் ஆயிரம் இழைகள் ஒரு பிசிறும் இல்லாமல் தெருக்கோடிவரை போவது, யாரோ தெருவையே படமாக வரைவதற்குக் கோடு போட்டு வைத்ததுபோல இருக்கும். வண்டிகள் காத்திருக்கும். மாடுகள்கூடக் காத்திருக்கும்.

வந்த மூன்றாம் நாள் அம்மா தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பாவின் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். கடைசிவரை போய்ச் சுற்றி வர வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிரஷ் பிடித்திருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவின் வயதுதான் அவளுக்கும். தறிக்கார வீட்டு மூத்த மருமகள். அவள் சிரித்ததும் இரண்டு மூன்று வாசல்களில் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

அம்மா அதன் பிறகு காலையில் முன்வாசல் பக்கம் வருவதில்லை. பின்கதவு, சந்து, மீண்டும் பின்கதவு. எதிர்வீட்டு அம்மாள் "மெட்ராஸ்காரம்மா" என்று கூப்பிட்டால் அம்மா மரியாதையாகப் பதில் சொல்வாள், மரியாதையாக உள்ளே போய்விடுவாள்.

அன்று பிரஷ் பிடித்தவர்கள் நின்றுபோன காரணத்தை நான் அலுவலகத்தில் கண்டுபிடித்தேன். டிரேசிங் துணி என்பது மெல்லிய பருத்தித் துணியில் மாவுப் பசை ஏற்றிக் கண்ணாடிபோல் ஆக்கியது. ஒரு நாள் என் டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து, ஒரு வாய்க்காலின் மதகு இருந்த இடம் வெளுத்துச் சாதாரணத் துணியாகிவிட்டது. மூன்று நாள் வேலை. அப்போதுதான் குடமும் கஞ்சியும் புரிந்தன. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று, இரண்டு என்று எண்ணி விளக்கினேன்: நூலில் கஞ்சி காயும் முன் தண்ணீர் சொட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் தறியில் அறும், அதனால்தான் நின்றார்கள்.

அம்மா முழுதும் கேட்டாள். "நின்னதுக்குக் காரணம் சொல்லிட்ட. சிரிச்சதுக்கு?" என்றாள்.



வைகாசியில் அம்மா பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஒட்டாமல்தான் கொடுத்தாள், நான் படிக்கவில்லை. படிக்காமலே தெரிந்தது. அலுவலகம் போகிற வழியில் தபால் பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். போடுவதற்கு என்ன, போடாமல் இருப்பதற்கு என்ன என்று மனதிற்குள் இரண்டு பத்திகள் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருப்பதன் கீழே நான் எழுத முடிந்தது ஒன்றே ஒன்று: அப்பா. ஆனால் அது அம்மாவின் கடிதம். ஒட்டிப் போட்டுவிட்டேன்.

ஆனி பிறந்து பத்து நாளில் சாரல் இறங்கியது. அதை மழை என்று சொல்ல முடியாது. வெயில் இருக்கும், மலையின் பக்கமிருந்து ஒரு வெள்ளைத் திரை நடந்து வரும், நம்மைத் தொட்டுவிட்டுக் கிழக்கே போய்விடும், மறுபடி வெயில். கொடியில் துணி காய்வதேயில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அலுவலகத்தில் மை உலர மறுத்ததால் நாங்கள் பாதி நேரம் ஜன்னலில்தான் இருந்தோம். ஊர் முழுவதும் தண்ணீருக்குள் இருந்துகொண்டு மூச்சுவிடுவதுபோல ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில் பெரியம்மா வந்து இறங்கினாள், அம்மாவை அழைத்துப்போக.

நான்கு நாள் இருந்தாள். குற்றாலம் பார்க்காமல் போகக் கூடாது என்று அப்பாவே கட்டாயப்படுத்தி எங்களை அனுப்பினார். தலையில் எண்ணெயோடு பெரிய அருவியின் பெண்கள் பக்கம் நின்றோம். தண்ணீர் முதுகில் விழும்போது யோசனை என்ற ஒன்றே இருக்காது. பக்கத்தில் நிற்பவர்கள் யார் என்று தெரியாது; கண்ணைத் திறந்தால் வெள்ளை, மூடினால் இரைச்சல். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சின்னப் பெண்களைப்போல நின்றார்கள். வெளியே வந்து ஈரத்தலையோடு சுக்குக் காப்பி குடிக்கும்போது பெரியம்மா, மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருக்கிறதாம். அம்மா, "வெள்ளிக்கிழமை கிளம்பலாம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற்பாடு இதுதான். அம்மா பெரியம்மாவோடு மெட்ராஸில். அப்பாவும் நானும் இங்கே. எவ்வளவு நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகச் செங்கோட்டைக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவிடம், "ரயில்ல ஜன்னல் ஓரம் உக்காந்துக்கோ" என்றார். 

ஏழு மணி பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயில். ஆறு மணிக்கு அம்மா நல்ல புடவை கட்டி, பையோடு முன்வாசலில் நின்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த நேரத்தில் முன்வாசல். தெருவில் பாவு நீட்டியிருந்தது. சாரல் மாதமானாலும் தறி நிற்க முடியாதல்லவா, மலை தெளிந்திருக்கும் காலையாகப் பார்த்து நீட்டுவார்கள். எங்களுக்குச் சொல்லிவைத்திருந்த குதிரைவண்டி தெருமுனையில் காத்திருந்தது.

அப்போது மேற்கே வெயிலோடு சேர்ந்தே திரை எழும்பியது. பிரஷ் பிடித்தவர் மலையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். பெயர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு இன்னார்தான் வர வேண்டும் என்று கிடையாது. தெருவில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கை கொடுக்க வேண்டும். மற்ற நாளில் ஆண்கள் மட்டும் தொடுகிற பாவை அந்த நேரத்தில் முக்காடு போட்ட பெண்களும் தாங்குவார்கள். முனைகளில் இருக்கும் ஆண்கள் இழுத்துப் பிடிக்க, நடுவில் இருப்பவர்கள் கைகளை நீட்டி அடியில் கொடுத்து, எல்லோரும் ஒரே அடியாக நடந்து, தெருக்கோடியில் இருக்கும் நீளக் கொட்டகைக்குள் அதைக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் வாசலுக்கு நேரே இரண்டு ஆள் அளவுக்கு இடம் விட்டுப்போயிருந்தது. பாவு அங்கே தொய்ந்தது. நான் இறங்குவதற்குள் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். நான் அவள் பக்கத்தில் கை கொடுத்தேன்.

எதிர்ப்புறத்திலிருந்து எதிர்வீட்டு அம்மாள் அதட்டினாள். "ஏட்டி, தொய்ய விடாத. கைய ஒசத்து."

என் அம்மாவை ஏட்டி, அடியே என்று கூப்பிட எனக்குத் தெரிந்து யாருமே கிடையாது. அம்மா கையை உயர்த்தினாள்.

நடந்தோம். தூறல் இழைகளுக்கு மேல் பொடிப்பொடியாக உட்கார்ந்தது. அதன் மேல் வெயில் பட்டது. முப்பது பேர் ஒரு வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. கொட்டகைக்குள் போனதும் அடியில் தணல் போட்ட கரிச்சட்டிகளை வைத்தார்கள். கஞ்சி இறுகும்வரை யாரும் கையை எடுக்கக் கூடாது என்றார்கள். தெருமுனையில் வண்டிக்காரர் மணியை அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டு அம்மாள் பாவுக்கு மேலாக மெதுவாகச் சொன்னாள். "ஏட்டின்னுட்டேன், ஒண்ணும் நெனைக்காதிய மயினி. பாவு கையில இருந்தா எனக்கு ஆளு தெரியாது."

மயினி என்றால் அந்த ஊரில் அண்ணி. அம்மா, "அன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க?" என்றாள்.

"என்னைக்கு?"

"நான் கொடத்தோட கீழ குனிஞ்சு வந்த அன்னிக்கு."

எதிர்வீட்டு அம்மாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மறுபடியும் சிரித்தாள். கை இரண்டும் பாவில் இருந்ததால் இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ள முடியவில்லை.

"ஒங்க கொண்டை நூல்ல மாட்டிட்டுல்லா? நீங்க வெடுக்குனு இழுத்துட்டுப் போயிட்டிய. ஒத்த முடி பாவோட நின்னுட்டு. தறியில ஏத்தின பொறவுதான் கண்டோம். உருவினா இழை அறும்னு சேத்தே நெய்ஞ்சிட்டாவ."

"சேத்தேன்னா?"

"சேத்துத்தான். கைலி. கொழும்புக்குப் போற சரக்கு. எந்தச் சீமான் இடுப்புல இருக்கோ ஒங்க முடி."

அம்மாவின் முகம் எப்படியெல்லாமோ போயிற்று. பிறகு அவள் சிரித்தாள். சத்தம் வராமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. மெட்ராஸிலும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாவு அதிர்ந்தது. முனையில் இருந்த பெரியவர், "சிரிப்பைப் பொறவு வச்சிக்கிடுங்க தாயி, நூலு ஆடுது" என்றார். அதற்கு வரிசை முழுவதும் சிரித்தது. அவர் தலையில் அடித்துக்கொள்ளவும் கை இல்லாமல் நின்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாங்கள் வெளியே வந்தபோது பெரியம்மா வாசலில் பைகளுக்குக் காவலாகக் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஏழு மணி பஸ் போய்விட்டிருந்தது.

"அடுத்தது எப்போ?" என்றாள்.

"ஒன்பதரைக்கு ஒண்ணு இருக்கு. நீ அதுல கிளம்புக்கா," என்றாள் அம்மா.

பெரியம்மா அம்மாவின் புடவையைப் பார்த்தாள். முன்பக்கம் முழுவதும் கஞ்சி. "உனக்குன்னு வெள்ளையடிச்சு வெச்சேனே," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"தெரியும்க்கா."

"ஆடி வரைக்குமா?"

"தெரியல. நாள் வெச்சுக்கல."

பெரியம்மாவை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தொட்டாள். அவளுக்கு நாங்கள் ஒரு அநியாயம் செய்தோம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா வந்தார். வழக்கமாகத் தெருவிலிருந்தே குரல் கொடுப்பவர், அன்று செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, வேண்டாத வீட்டுக்குள் வருபவர்போல வந்தார். கூடத்தில் அம்மா உட்கார்ந்து கைநகங்களில் இறுகியிருந்த கஞ்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு எதிர்வீட்டுப் பாவு. மலை தெளிஞ்சிருந்தா நீட்டுவாங்களாம். நாலரைக்கு எழுந்துக்கணும், அலாரம் வெச்சுடுங்க," என்றாள்.

அப்பா தலையைக்கூடத் துவட்டவில்லை. நேராக அலமாரிக்குப் போய்க் கடிகாரத்தை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாவி கொடுக்க ஆரம்பித்தார்.